தோட்டத்துத் தண்ணீர் வீணாகிறதா? அறிகுறி பார்த்துக் கோளாறு பிடிக்கும் முறை

சிங்கப்பூரில் கொண்டோ அடுக்குமாடி, அலுவலகக் கட்டடம், பள்ளி, கூரைத் தோட்டம் என்று எங்கே தோட்டத்துத் தண்ணீர்ச் சோதனைக்குப் போனாலும் முதலில் பார்க்க வேண்டியது செடியை அல்ல, தண்ணீர் மீட்டரையும், தண்ணீர் விடும் நேரத்தைக் கட்டுப்படுத்துகிற டைமரையும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகளிடம் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். செடி பொய் சொல்லும். தண்ணீர் போதாமல் வாடுகிற இலையும், தண்ணீர் மிஞ்சி வேர் அழுகி வாடுகிற இலையும் எட்ட நின்று பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். பார்த்தவர் டைமரில் 5 நிமிடம் கூட்டிவிட்டுப் போவார், அடுத்த வாரம் இன்னும் வாடும், இன்னொரு 5 நிமிடம் கூடும். இப்படியே கூடிக் கூடித்தான் பில் ஏறுகிறது.

கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். நம் ஊர் வெயிலில் புல்தரை ஒரு நாளைக்குச் சுமார் 4 மில்லிமீட்டர் தண்ணீரை இழக்கிறது என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 110 முதல் 120 மில்லிமீட்டர் வரும். ஆண்டிலேயே மழை குறைந்த பிப்ரவரியில்கூடச் சராசரியாக 105 மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்கிறது, டிசம்பரில் 330ஐத் தாண்டுகிறது. வானமே பெரும்பாலும் நம் வேலையைச் செய்துவிடுகிறது. அதற்காக எல்லாவற்றையும் மூடிவிடவும் முடியாது: 2014இல் ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள் தொடர்ந்து வறட்சி வந்து புல்லெல்லாம் பழுப்பானது பலருக்கு நினைவிருக்கும். ஜூரோங்கில் கொட்டோ கொட்டென்று கொட்டும்போது சாங்கியில் ஒரு துளி விழாமல் போவதும் இங்கே சாதாரணம். ஆக, வருடம் முழுக்க ஒரே நேர அமைப்பில் ஓடுகிற டைமர் எந்தத் தோட்டத்திலும் சரியாக இருக்க வாய்ப்பே இல்லை.

பணக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும், நிர்வாகக் குழுவிடம் பேசும்போது அதுதான் எடுபடும். 2025 ஏப்ரல் முதல் வர்த்தக இடங்களுக்குக் குழாய்நீர் ஒரு கன மீட்டர் 3.24 சிங்கப்பூர் வெள்ளி, ஜிஎஸ்டி தனி. நிமிடத்துக்கு ஒரே ஒரு லிட்டர் கசிகிறது என்றால் மாதத்துக்கு 43 கன மீட்டர், ஏறக்குறைய 140 வெள்ளி. ஒரு வால்வில் மண் துகள் சிக்கினாலே அவ்வளவு போய்விடும்.

கையில் நீளமான ஸ்குரூடிரைவர், ஒரே அளவுள்ள ஏழெட்டு டப்பாக்கள், பிரஷர் கேஜ், மல்டிமீட்டர், படம் எடுக்க ஃபோன். இது போதும்.

மழை பெய்கிறது, ஸ்பிரிங்கிளரும் ஓடுகிறது

வழியில் போகிறவர்கள் படம் எடுத்துப் புகார் அனுப்புகிற கோளாறு இதுதான், அதனால் இதிலிருந்தே தொடங்கலாம். நிறைய இடங்களில் மழை பெய்தால் ஓட்டத்தை நிறுத்துகிற மழை உணரி இருக்கும், சுவரில் அழகாக மாட்டியிருக்கும், ஆனால் வேலை செய்யாது. வரிசையாகப் பாருங்கள்.

கன்ட்ரோலரின், அதாவது டைமர் உள்ள பெட்டியின், முகப்பில் உணரியைச் செயல்பட வைக்கவும் புறக்கணிக்கவும் ஒரு சுவிட்ச் இருக்கும். முக்கால்வாசி நேரம் அது புறக்கணிப்புப் பக்கம் தள்ளப்பட்டிருக்கும். எப்போதோ ஒரு நாள் வால்வைச் சோதிக்க யாரோ தள்ளியிருப்பார், திரும்பக் கொண்டுவந்திருக்க மாட்டார். சுவிட்ச் சரியாக இருந்தால் உள்ளே திறந்து உணரிக்கான இரண்டு முனைகளைப் பாருங்கள். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அந்த இரண்டையும் சேர்த்து ஒரு சின்ன கம்பித் துண்டு போட்டிருப்பார்கள், உணரியை இணைக்கும்போது அதைக் கழற்ற வேண்டும். கழற்றாமல் உணரியின் கம்பியையும் அதே முனையில் முறுக்கிவிட்டால் உணரி வாழ்நாள் முழுக்கக் கத்தினாலும் கன்ட்ரோலருக்குக் கேட்காது.

அடுத்தது, மாட்டியிருக்கும் இடம். கூரை விளிம்புக்கு அடியில், படர்ந்த மரத்துக்குக் கீழே, ஏர்கான் தண்ணீர் சொட்டுகிற இடத்தில், இப்படியெல்லாம் பார்க்கலாம். முதல் இரண்டிலும் மழை படாது, மூன்றாவதில் உணரி எப்போதும் நனைந்தே இருப்பதால் தோட்டத்துக்குத் தண்ணீரே போகாது, பிறகு கோபத்தில் யாரோ அந்தச் சுவிட்சைத் தள்ளிவிடுவார், பழைய கதைதான்.

சோதனை எளிது. ஒரு வால்வை ஓடவிட்டு உணரியின் மேல் இருக்கும் பின்னை அழுத்துங்கள், அல்லது தண்ணீரை ஊற்றி ஊறவிடுங்கள். ஓட்டம் நின்றால் உணரி உயிரோடு இருக்கிறது. உள்ளே இருக்கும் தக்கை வில்லைகள் நனைந்து விரிந்துதான் சுவிட்சை அழுத்துகின்றன, வெயிலில் பல வருடம் கிடந்தவை விரியாது, மாற்றிவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அவை காயவும் நேரம் எடுக்கும். அது கோளாறு இல்லை, நல்லதுதான், மண்ணும் அதே மாதிரி மெதுவாகத்தானே காய்கிறது.

தோட்டம் நன்றாக இருக்கிறது, பில் மட்டும் ஏறியிருக்கிறது

இங்கே இரண்டில் ஒன்று: கசிவு, அல்லது டைமர் அமைப்பு. குழப்பிக்கொள்ளாமல் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது.

எல்லா வால்வும் மூடியிருக்கும்போது தோட்டத்துக்கான துணை மீட்டரைப் படம் எடுங்கள். அரை மணி நேரம் கழித்து இன்னொரு படம். நகராமல் இருந்தால் கசிவு இல்லை, நேராக டைமருக்குப் போங்கள். நகர்ந்திருந்தால் மீட்டருக்கு அடுத்துள்ள பிரதான வால்வை மூடிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் நகர்கிறது என்றால் மீட்டருக்கும் அந்த வால்வுக்கும் நடுவே ஓட்டை. நின்றுவிட்டது என்றால் ஓட்டை அதற்கு அப்பால், அநேகமாகத் தோட்டத்தின் ஏதோ ஒரு பகுதிக்கான வால்வு முழுதாக மூடவில்லை. எந்தப் பகுதி என்று கண்டுபிடிக்க மண்ணைத் தோண்ட வேண்டாம், ஒவ்வொரு பகுதியிலும் இருப்பதிலேயே தாழ்வான ஸ்பிரிங்கிளர் தலையைத் தேடிப் பாருங்கள், அதைச் சுற்றி மட்டும் எந்நேரமும் சொதசொதவென்று இருக்கும், பாசியும் படர்ந்திருக்கும். அந்தப் பகுதியின் வால்வைத் திறந்தால் ரப்பர் சவ்வில் மணல் துகள் இருக்கும், அல்லது சவ்வு கிழிந்திருக்கும், அல்லது கையால் திறக்கிற திருகு அரைத் திருப்பு தளர்ந்து கிடக்கும்.

துணை மீட்டரே இல்லையா? அப்படியென்றால் உங்கள் அறிக்கையின் முதல் வரி அதுதான். நீச்சல்குளமும் கழிவறையும் தோட்டமும் ஒரே மீட்டரில் ஓடுகிற இடத்தில் எதையும் நிரூபிக்க முடியாது. ஆண்டுக்கு 60,000 கன மீட்டரும் அதற்கு மேலும் பயன்படுத்துகிற பெரிய இடங்கள் தனி மீட்டர் பொருத்தி நீர்ச் சிக்கனத் திட்டத்தைப் பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் கொடுத்தே ஆக வேண்டும். சின்ன இடங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஆனால் ஒரு மீட்டரின் விலை ஒரு கசிவைப் பிடித்தாலே வந்துவிடும்.

இப்போது டைமர். பழைய பாணி கன்ட்ரோலரில் தொடக்க நேரம் என்பது வால்வுக்கு உரியது அல்ல, நிரலுக்கு (புரோகிராமுக்கு) உரியது. ஒரு தொடக்க நேரம் கொடுத்தாலே அந்த நிரலில் உள்ள எல்லா வால்வும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிவிடும். இது தெரியாமல் 8 வால்வுக்கு 8 தொடக்க நேரம் கொடுத்து வைப்பார்கள். ஒவ்வொன்றும் 10 நிமிடம் என்றால் ஒரு சுற்று 80 நிமிடம், எட்டு சுற்றுக்கு 640 நிமிடம், அதாவது பத்து மணி நேரத்துக்கு மேல். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எப்போது பார்த்தாலும் எங்கேயோ ஒரு மூலையில் தண்ணீர் ஓடுவது மாதிரி தெரியும், அவ்வளவுதான். ஏ, பி, சி என்று மூன்று நிரல் இருந்தால் மூன்றையும் திருப்பித் திருப்பிப் பாருங்கள், ஏ நிரலை மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்று கையெழுத்துப் போடாதீர்கள். புல் புதிதாகப் பதித்தபோது யாரோ பி நிரலில் நாளைக்கு நாலு முறை என்று போட்டிருப்பார், புல் வேர் பிடித்து இரண்டு வருடம் ஆகியிருக்கும், பி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

மின்தடைக்குப் பிறகு பேட்டரி செத்த கன்ட்ரோலர் பழைய இயல்பு அமைப்புக்குத் திரும்பிவிடுவதும் உண்டு. மணி தப்பாகக் காட்டினால் சந்தேகப்படுங்கள். மதியம் ஒரு மணிக்கு வெயிலில் தண்ணீர் தெளிக்கிற தோட்டங்களில் பாதிக்கு இதுதான் காரணம். விடியற்காலை நாலரைக்குத் தொடங்கி, சூரியன் ஏழு மணி வாக்கில் வருவதற்குள் முடிந்துவிட வேண்டும். ஆவியாவதும் குறையும், காலை நடைக்கு வருகிற தாத்தா பாட்டிகள் மேலும் படாது.

தண்ணீர் போகிறது, ஆனாலும் இலை மஞ்சளாகிறது, வாடுகிறது

ஸ்குரூடிரைவரை மண்ணில் குத்துங்கள். சுலபமாக முழுக்க இறங்கி, இழுத்தால் சேறு ஒட்டி, மூக்கருகே கொண்டுபோனால் அழுகிய முட்டை வாடை வந்தால் தண்ணீர் மிஞ்சிவிட்டது. இரண்டு அங்குலத்திலேயே நின்றுவிட்டால் மண் இறுகியிருக்கிறது, இல்லையென்றால் கட்டுமானக் கழிவு புதைந்திருக்கிறது. மேலே நாலு அங்குலம் நல்ல மண், கீழே சிமெண்ட் கட்டியும் ஓட்டுத் துண்டும் என்பது புதுக் கட்டடங்களில் சர்வ சாதாரணம். அங்கே எவ்வளவு ஊற்றினாலும் வேருக்குப் போகாமல் பக்கவாட்டில் வழிந்து வடிகாலுக்குப் போய்விடும்.

கூரைத் தோட்டத்திலும் மாடித் தொட்டிகளிலும் வடிகால் வாயைப் பாருங்கள். மண் இறங்கி அடைத்துக்கொண்டால் தொட்டிக்குள் ஒரு குளமே நிற்கும், மேல் மண் காய்ந்த மாதிரி இருக்கும், வேர் நீரில் மூழ்கிக் கிடக்கும். கீழ்த்தளக் கூரையில் ஈரக்கறை இருக்கிறதா என்று கார் நிறுத்துமிடத்துக்குப் போய் அண்ணாந்து பாருங்கள், அது மேலே இருப்பதைவிட உண்மையைச் சொல்லும்.

காகிதப்பூவுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மேம்பாலத் தொட்டிகளில் அது பூத்துக் குலுங்குவதற்குக் காரணமே கொஞ்சம் காயவிடுவதுதான். இலை பச்சைப்பசேலென்று செழித்து, பூவே இல்லாமல் நிற்கிறது என்றால் தண்ணீர் அதிகம். அதையும் நிழல்செடிகளையும் ஒரே வால்வில் போட்டிருந்தால் இரண்டில் ஒன்றுக்கு என்றைக்கும் அநியாயம்தான். வெயில் செடி, நிழல் செடி, புல், தொட்டி என்று வால்வைப் பிரிக்கச் சொல்லி எழுதுங்கள். முடியாது என்பார்கள், இருந்தாலும் எழுதுங்கள், அடுத்த புதுப்பிப்பில் யாராவது பார்ப்பார்கள்.

புல்தரையில் திட்டுத் திட்டாகக் காய்ந்திருக்கிறது

இதற்கு முழுப் பகுதிக்கும் நேரம் கூட்டுவதுதான் எல்லோரும் செய்வது, அதுதான் தப்பு. காய்ந்த திட்டு நனைவதற்குள் மற்ற இடமெல்லாம் மூழ்கிவிடும்.

டப்பாக்களைத் திட்டிலும் பசுமையான இடத்திலும் மாற்றி மாற்றி வைத்து 15 நிமிடம் ஓடவிடுங்கள். நேரான சுவருள்ள டப்பாவாக இருக்கட்டும், கோப்பி வாங்கும் பிளாஸ்டிக் கப் கீழே சிறுத்து மேலே அகலமாக இருப்பதால் அளவு தப்பாகும். ஒரு டப்பாவில் 10 மில்லிமீட்டரும் இன்னொன்றில் 3 மில்லிமீட்டரும் விழுந்தால் பிரச்சினை நேரத்தில் இல்லை, ஸ்பிரிங்கிளர் தலையில் இருக்கிறது. சாய்ந்த தலை, புல்வெட்டி இடித்து உடைத்த தலை, முனை அடைத்த தலை, அல்லது முன்னால் புதராக வளர்ந்து மறைக்கிற செடி. நிமிர்த்துங்கள், சுத்தம் செய்யுங்கள், கத்தரியுங்கள்.

தெளிப்பு புகை மாதிரி பறக்கிறதா? அழுத்தம் கூடுதல். பெரும்பாலான தெளிப்புத் தலைகளுக்கு 2 பார் (bar, அழுத்த அளவு) சுற்றுவட்டத்தில் போதும், பம்ப்பிலிருந்து 4, 5 பார் வந்தால் பாதித் தண்ணீர் காற்றோடு நடைபாதைக்கும் நிறுத்திய கார்களுக்கும் போகும். அழுத்தக் குறைப்பான் போடச் சொல்லுங்கள். தலைகளே மேலெழாமல் சோம்பிக் கிடந்தால் எதிர்ப்பக்கம்: ஒரே நேரத்தில் இரண்டு வால்வு திறக்கிறது, அல்லது அந்தப் பகுதியில் எங்கோ குழாய் உடைந்திருக்கிறது.

நடைபாதையில் தண்ணீர் வழிகிறது

எப்போது வழிகிறது என்று கவனியுங்கள். ஓடும்போதே வழிந்தால் மண் குடிக்கிற வேகத்தைவிடத் தெளிக்கிற வேகம் அதிகம். தெளிப்புத் தலைகள் மணிக்கு 40 மில்லிமீட்டர் வரைகூடக் கொட்டும், இறுகிய களிமண் 5 மில்லிமீட்டர் குடிப்பதே பெரிது. 12 நிமிடம் ஒரே மூச்சில் ஓடுவதை 4 நிமிடமாக மூன்று முறை, நடுவே அரை மணி இடைவெளி விட்டு ஓடவிட்டால் அதே தண்ணீர் உள்ளே இறங்கும். செலவே இல்லாத மருந்து இது, சரிவான இடங்களில் கண்டிப்பாகச் செய்யுங்கள்.

ஓட்டம் நின்ற பிறகு கொஞ்ச நேரம் தாழ்வான தலையிலிருந்து மட்டும் வழிந்தால் குழாயில் மிச்சமிருந்த தண்ணீர் இறங்குகிறது. உள்ளேயே தடுப்பு வால்வு உள்ள தலையை அங்கே மாற்றினால் நின்றுவிடும்.

எதுவானாலும் தேங்கிய தண்ணீரைச் சும்மா விட்டுவிட்டு வராதீர்கள். 20 காசு நாணயம் அளவு தண்ணீர் போதும் ஏடிஸ் கொசுவுக்கு. வால்வுப் பெட்டியின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள், கசிகிற வால்வு இருந்தால் உள்ளே தெளிந்த தண்ணீர் நிற்கும், புழுக்களும் நெளியும். தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அதிகாரி வந்து பார்ப்பதற்குள் நீங்கள் பார்ப்பது எல்லோருக்கும் நல்லது. தண்ணீர்ச் செலவைப் பற்றி அலட்டிக்கொள்ளாத நிர்வாகம்கூடக் கொசு என்றதும் அன்றே ஆளை அனுப்பும், அந்தக் கவலையையும் நம் வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

சொட்டுநீர்க் குழாயின் கடைசிச் செடிகள் மட்டும் காய்கின்றன

ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பிறகு குழாயின் கடைசி மூடியைத் திறந்து ஓடவிடுங்கள், பழுப்பாகக் குழம்பிய தண்ணீர் வந்தால் தெளியும் வரை விடுங்கள். மழைநீர்த் தொட்டியிலிருந்து வருகிற குழாய்களில் பாசி சீக்கிரம் சேரும். இரண்டும் சரியென்றால் குழாயின் நீளம் தாங்க முடியாத அளவுக்கு இழுக்கப்பட்டிருக்கும், இரண்டாகப் பிரித்து நடுவிலிருந்து ஊட்டச் சொல்லுங்கள்.

பசுமைச் சுவரில் மேலே காய்ந்து கீழே அழுகினால் வேறு கணக்கு. 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார் அழுத்தம் கூடும், 6 மீட்டர் சுவரில் கீழ் வரிசைக்கு 0.6 பார் அதிகம். அழுத்தத்தைச் சமன்படுத்துகிற, நின்றதும் கசியாத சொட்டுவான்கள்தான் அங்கே வேண்டும்.

மழைநீர்த் தொட்டி எப்போதும் நிரம்பியே இருக்கிறது

கேட்பதற்கு நல்ல செய்தி மாதிரி இருக்கும். வறண்ட வாரத்திலும் நிரம்பியிருந்தால் எச்சரிக்கையாகுங்கள். மழை இல்லாதபோது குழாய்நீரை விட்டு நிரப்ப ஒரு மிதவை வால்வு வைத்திருப்பார்கள். அது சிக்கிக்கொண்டால் குழாய்நீர் ஓயாமல் உள்ளே வந்து வழிகால் (நிரம்பினால் வழிந்தோடும் குழாய்) வழியாக வடிகாலுக்குப் போய்க்கொண்டே இருக்கும், எங்கேயும் ஈரம் தெரியாது, எந்தச் செடியும் வாடாது. வழிகால் வாயில் கையை வைத்துப் பாருங்கள்.

மிதவை சிக்காமலேயே வேறொரு கோளாறும் இருக்கும். அதை மிக உயரத்தில் மாட்டியிருப்பார்கள். தொட்டி எப்போதும் குழாய்நீரால் நிரம்பியிருக்கும், மழை வந்தால் நிற்க இடமே இருக்காது, பெய்ததெல்லாம் வழிந்து போகும். பெயருக்கு மழைநீர்த் தொட்டி, உள்ளே இருப்பது காசு கொடுத்து வாங்கிய தண்ணீர். மிதவையைக் கீழே இறக்கி, பம்ப் ஒரு சுற்றுக்குத் தேவையான அளவு மட்டும் நிரப்பும்படி வைக்க வேண்டும். கட்டடத்துக்குப் பசுமைச் சான்றிதழ் இருக்கிறதே என்று பார்க்காமல் வந்துவிடாதீர்கள், சான்றிதழ் கொடுத்த நாளில் மிதவை சரியாகத்தான் இருந்திருக்கும்.

அங்கேயே இன்னொன்று: குழாய்நீர் வருகிற வாய், தொட்டியின் வழிகால் மட்டத்துக்கு மேலே காற்று இடைவெளி விட்டு இருக்க வேண்டும். மழைநீருக்குள் மூழ்கியிருந்தாலோ, மழைநீர்க் குழாயும் குடிநீர்க் குழாயும் ஒரு வால்வால் நேராக இணைந்திருந்தாலோ இது தண்ணீர்ச் சிக்கன விஷயம் இல்லை, குடிநீர்ப் பாதுகாப்பு விஷயம். நீங்களாகக் கழற்றி மாட்ட வேண்டாம். படம் எடுங்கள், கட்டட நிர்வாகியிடம் அன்றே சொல்லுங்கள், உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரை வரவழைக்கச் சொல்லுங்கள்.

ஒரு பகுதி மட்டும் ஓடவே மாட்டேன் என்கிறது

வால்வைக் கையால் திறந்து பாருங்கள். ஓடினால் மின்சாரக் கோளாறு. கன்ட்ரோலரிலிருந்து 24 வோல்ட் வருகிறதா, வால்வைத் திறக்கிற மின்சுருளான சோலினாய்டின் தடை 20 முதல் 60 ஓம் வரை காட்டுகிறதா என்று அளந்தால் தெரிந்துவிடும். பெரும்பாலும் வால்வுப் பெட்டிக்குள் வெறும் டேப் சுற்றிய இணைப்பு துருப்பிடித்திருக்கும். பசை நிரப்பிய நீர்ப்புகா இணைப்பி போடச் சொல்லுங்கள், முடிந்தது.

எல்லாம் சரி, ஆனாலும் அடுத்த மாதம் பழையபடி ஆகிவிடுகிறது

இதற்குக் குழாயில் காரணம் தேடாதீர்கள், ஒப்பந்தத்தில் தேடுங்கள். செடி செத்தால் கான்ட்ராக்டர் தன் காசில் மாற்றிக் கொடுக்க வேண்டும், தண்ணீர் பில்லைக் கட்டுவது நிர்வாகம். இப்படி இருந்தால் டைமரைக் கூட்டி வைப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு. அந்த இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். தோட்டத்தில் வேலை செய்கிற நம் ஊர்க்காரரிடம் தமிழில் கேட்டுப் பாருங்கள், "அண்ணே, மழையிலயும் ஓடட்டும்னு சூப்பர்வைசர் சொல்லிருக்காரு, செடி போச்சுன்னா எங்களத்தான் கேப்பாங்க" என்று பட்டென்று சொல்லிவிடுவார். அவர் பெயரை அறிக்கையில் எழுதாதீர்கள். அவர் சொன்னதை அமைப்பின் குறையாக எழுதுங்கள்.

நிர்வாகத்திடம் கேட்க வேண்டியவை அதிகமில்லை. மாதா மாதம் துணை மீட்டரின் படத்தை வேலைப் பட்டியலோடு சேர்த்துக் கான்ட்ராக்டர் கொடுக்க வேண்டும். தண்ணீர் அளவு குறைந்தால் அதில் அவருக்கும் ஏதாவது பங்கு இருக்க வேண்டும். டைமரை மாற்ற ஒருவருக்கு மட்டும் அனுமதி, கன்ட்ரோலர் பெட்டிக்குப் பூட்டு, கதவின் உட்பக்கம் ஒரு தாள். யார் மாற்றினார், என்றைக்கு, எந்த வால்வு, எத்தனை நிமிடத்திலிருந்து எத்தனை, ஏன். அடுத்த முறை போகும்போது மீட்டரைப் படித்த கையோடு அந்தத் தாளைப் படியுங்கள், அப்புறம் செடியைப் பார்க்கலாம்.